தொலையச்சுப் பொறி விட்டுச்சென்ற கட்டளைகள்



கணிப்பொறியோடு பழகுவோர் இன்று பெரும்பாலும் சுட்டியை நகர்த்தியும் திரையைத் தொட்டும் வேலையை முடித்துக்கொள்கின்றனர். ஆயினும், கணிப்பொறித் துறையில் படிப்போரும் பணிபுரிவோரும் நாள்தோறும் திறந்துவைத்திருக்கும் சாளரம் ஒன்று உண்டு. அதில் படங்கள் இல்லை, பொத்தான்களும் இல்லை. வரியின் தொடக்கத்தில் ஒரு சிறு குறி மின்னிக்கொண்டிருக்கும். கட்டளையை நாம் எழுத்தாகத் தட்ட வேண்டும். கணிப்பொறி அதை நிறைவேற்றிவிட்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். முனையம் என்றும் டெர்மினல் என்றும் இதனைக் கூறுவர். 1969-ஆம் ஆண்டில் பிறந்த யூனிக்ஸ் என்னும் இயக்க முறையும், அதன் வழியில் வந்த லினக்ஸும், ஆப்பிள் கணிப்பொறிகளின் மேக் இயக்க முறையும் இந்தச் சாளரத்தை இன்றளவும் கைவிடவில்லை.

இதற்குள் புதிதாக நுழையும் ஒரு மாணவருக்கு நேரக்கூடிய இடர் ஒன்றை முதலில் பார்ப்போம். கடிதம், கட்டுரை எழுதும் மென்பொருள்களில் கண்ட்ரோல் விசையையும் எஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால், எழுதியது சேமிக்கப்படும். கை அதற்குப் பழகிவிட்டது. அதே பழக்கத்தில் முனையத்திலும் அவர் கண்ட்ரோல்-எஸ் அழுத்துகிறார். உடனே திரை உறைந்து நின்றுவிடுகிறது. எந்த விசையைத் தட்டினாலும் ஓர் எழுத்தும் தோன்றுவதில்லை. பொறி கெட்டுவிட்டது என்று அஞ்சிச் சாளரத்தை மூடிவிடுகிறார். சிலர் மின்சாரத்தையே நிறுத்திவிடுகின்றனர். அதுவரை செய்த வேலை பாழாகிறது. நம்மில் பலருக்கு இந்த அனுபவம் உண்டு.

உண்மையில் எதுவும் கெட்டுவிடவில்லை. கண்ட்ரோலையும் கியூவையும் சேர்த்து ஒருமுறை அழுத்தினால் போதும். திரைக்கு உயிர் வரும்; இடையில் தட்டிய எழுத்தெல்லாம் வரிசையாக வந்து விழும். எஸ் என்றால் நில். கியூ என்றால் தொடர். இப்படி ஒரு விதியை யார் வகுத்தார்கள்? எதற்காக வகுத்தார்கள்? முனையத்தில் நாம் பயன்படுத்தும் கட்டளைகளும் விசைகளும் ஏன் இத்துணைச் சுருக்கமாகவும் புதிராகவும் இருக்கின்றன? இன்றைய உரையில் நாம் இதனைச் சற்று ஆராய்வோம். வானொலியில் எழுதிக் காட்ட வழியில்லை. ஆகவே கட்டளைகளை எழுத்து எழுத்தாக ஒலித்தே சொல்கிறோம். தாளும் எழுதுகோலும் அருகில் இருந்தால் குறித்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் டெலிடைப் நிறுவனம் 1963-ஆம் ஆண்டில் ‘மாடல் 33’ என்ற தொலையச்சுப் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. செய்தித்தாள் அலுவலகங்களில் கடகடவென்று ஓசையிட்டபடி செய்திகளை அச்சிட்டுத் தள்ளிய பொறிகளை நேயர்களில் மூத்தவர்கள் கண்டிருக்கலாம். அந்த இனத்தைச் சேர்ந்ததே இதுவும். தட்டச்சுப் பொறி போன்ற விசைப்பலகை. மேலே சுருளாகத் தாள். பக்கத்தில் காகித நாடாவில் துளையிடும் கருவியும், துளைகளைப் படிக்கும் கருவியும். விநாடிக்கு 10 எழுத்து என்பதே அதன் வேகம். வரிக்கு 72 எழுத்து. ஒரு முழு வரியை அச்சிட 7 விநாடிக்கு மேல் ஆகும். ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளை மட்டுமே அது அறியும். ஆயினும் விலை குறைவு. கணிப்பொறியோடு மனிதர் உரையாடத் திரை என்பது அரிதாக இருந்த காலத்தில், கணிப்பொறிக் கூடங்கள் இப்பொறியையே வாங்கி வைத்தன.

அதே 1963-இல் ஆஸ்கி என்னும் குறியீட்டு முறையும் வெளியாயிற்று. எழுத்துகளுக்கும் எண்களுக்கும் குறிகளுக்கும் 0 முதல் 127 வரை எண் கொடுத்த முறை அது. அவற்றுள் முதல் 32 எண்கள் எழுத்துகள் அல்ல. பொறிக்கு இடும் ஆணைகள். அந்த ஆணைகளை விசைப்பலகையிலிருந்து அனுப்புவதற்காகவே கண்ட்ரோல் விசை வைக்கப்பட்டது. அதன் கணக்கு மிக எளியது. ஆங்கில நெடுங்கணக்கில் ஓர் எழுத்து எத்தனையாவதாக நிற்கிறதோ, கண்ட்ரோலோடு அதை அழுத்தும்போது அந்த எண்ணே பொறிக்குச் செல்லும்.

ஜி ஏழாவது எழுத்து. 7 என்ற ஆணைக்குப் பொறியிலிருந்த மணி ஒலித்தது. ஒலிப்பெருக்கியில் எழும் ஓசை அன்று, உண்மையான உலோக மணி. எச் எட்டாவது, 8 என்றால் ஓரிடம் பின்செல். ஜே பத்தாவது, 10 என்றால் தாளை ஒரு வரி மேலே தள்ளு. எல் பன்னிரண்டாவது, 12 என்றால் புதுப் பக்கம் எடு. இன்று முனையத்தில் கண்ட்ரோல்-எல் அழுத்தினால் திரை துடைக்கப்பட்டு வெற்றிடமாகிறது அல்லவா? தாள் இருந்த இடத்தில் திரை வந்த பின்னும் புதுப் பக்கம் எடுக்கும் அந்த ஆணை நிலைத்திருக்கிறது. எம் பதின்மூன்றாவது, 13 என்றால் அச்சுத்தலையை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோ. அதனால்தான் இன்றும் முனையத்தில் கண்ட்ரோல்-எம் அழுத்துவது என்டர் விசையை அழுத்துவதற்கு ஒப்பாகிறது.

எஸ் பத்தொன்பதாவது, கியூ பதினேழாவது. 19 என்ற ஆணை வந்தால் காகித நாடாவைப் படிக்கும் கருவி நிற்கும். 17 வந்தால் மீண்டும் ஓடும். நாடாவிலிருந்து எழுத்துகள் விரைந்து வரும்போது அவற்றை ஏற்றுக்கொள்ளக் கணிப்பொறிக்கு நேரம் போதாமற்போகும். அப்போது கணிப்பொறி தொலையச்சுப் பொறியைப் பார்த்து ‘சற்று நில்’ என்று சொல்ல இந்த ஏற்பாடு உதவியது. பின்னாளில் திரை முனையங்கள் வந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. கணிப்பொறி எழுத்துகளைக் கொட்டியது. மனிதர்தாம் படிக்க முடியாமல் ‘நில்’ என்று சொல்ல வேண்டியவர் ஆனார். ஆணைக்கு மட்டும் அதே எஸ், அதே கியூ. நம் மாணவரின் திரையை உறையவைத்தது இதுவே.

127 என்ற எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. காகித நாடாவில் ஒருமுறை இட்ட துளையை அடைக்க முடியாது. ஆகவே தவறாகத் துளையிட்ட இடத்தில் எல்லாத் துளைகளையும் இட்டுவிடுவார்கள். எல்லாம் துளையாக இருந்தால் அவ்விடத்தைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். எல்லா இடத்திலும் துளை என்பதை எண்ணாக எழுதினால் 127. அழிப்பு விசைக்கு அந்த எண் வந்த காரணம் அதுதான்.

இனி, இந்தப் பொறியின் முன்னே அமர்ந்து வேலை செய்தவர்களிடம் வருவோம். நியூ ஜெர்சி மாநிலத்தின் மரே ஹில் என்ற ஊரில் பெல் ஆய்வுக்கூடம் இருந்தது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்டு டி.க்கு உரியது அது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனமும் மல்டிக்ஸ் என்ற பெரும் இயக்க முறையை உருவாக்கிக்கொண்டிருந்தன. பெல் ஆய்வுக்கூடமும் அதில் பங்கு கொண்டிருந்தது. பணி நீண்டுகொண்டே போனதால் 1969-இல் விலகிக்கொண்டது. கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோருக்குக் கையில் வேலை இருந்தும் நல்ல கணிப்பொறி இல்லாமற்போயிற்று. புதிதாக ஒன்று கேட்டார்கள், கிடைக்கவில்லை. அதிகம் பயன்படாமல் கிடந்த பி.டி.பி.-7 என்ற சிறு கணிப்பொறி ஒன்று தாம்சனின் கண்ணில் பட்டது. அதன் நினைவகம் 8,192 இடங்கள் கொண்டது. இடமொன்றுக்கு 18 பிட்டு. இக்காலக் கணக்கில் ஏறத்தாழ 18 கிலோபைட்டு. கைப்பேசியில் நாம் எடுக்கும் ஒரு நிழற்படம்கூட அதில் அடங்காது.

அந்த ஆண்டின் கோடைக்காலத்தில் தாம்சனின் மனைவி, சிறு குழந்தையாக இருந்த மகனை அழைத்துக்கொண்டு மூன்று வாரம் உறவினரைக் காணச் சென்றிருந்தார். எழுத்துத் தொகுப்பிக்கு ஒரு வாரம், நிரல்களை எந்திர மொழியாக்கும் கருவிக்கு ஒரு வாரம், இயக்க முறையின் கருவுக்கு ஒரு வாரம் என்று தாம்சன் அந்த மூன்று வாரத்தையும் பங்கிட்டுக்கொண்டார். அவர் திரும்பி வருவதற்குள் ஓர் இயக்க முறை உருவாகியிருந்தது. மல்டிக்ஸ் என்ற பெயரை வைத்து விளையாட்டாகப் பிறந்த யூனிக்ஸ் என்ற பெயர் அடுத்த ஆண்டில் அதற்கு ஒட்டிக்கொண்டது. அப்பெயருக்குக் காரணமானவர் பிரையன் கெர்னிகன்.

கட்டளைகள் ஏன் குறுகின என்பது இப்போது விளங்கும். மாடல் 33-இன் விசைகள் கனமானவை. அழுத்தமாகக் குத்தினால்தான் இறங்கும். தட்டும் ஒவ்வோர் எழுத்தும் தாளில் அச்சாக வேண்டும். நாளெல்லாம் தட்டுபவர் ஓர் எழுத்தை மிச்சப்படுத்தினாலும் விரலுக்கு நல்லது. ஆகவே, கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளைக்கு ‘லிஸ்ட்’ என்ற முழுச் சொல் வேண்டாம், எல்.எஸ். போதும் என்றாயிற்று. படியெடுப்பதற்குக் ‘காப்பி’ என்பது சி.பி. ஆயிற்று. இடம் மாற்றுவதற்கு ‘மூவ்’ என்பது எம்.வி.; நீக்குவதற்கு ‘ரிமூவ்’ என்பது ஆர்.எம். 1971 நவம்பர் 3-ஆம் தேதியிட்ட முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே இவை இடம்பெற்றுவிட்டன. யார் யார் கணிப்பொறியில் நுழைந்திருக்கிறார்கள் என்று காட்டும் ‘ஹூ’, சொற்களை எண்ணும் டபிள்யூ.சி., கோப்புகளைத் தொடுத்துக் காட்டும் ‘கேட்’ ஆகியனவும் அதில் உள்ளன. இந்தக் ‘கேட்’ பூனை அன்று. தொடுத்தல் எனப் பொருள்படும் நீண்ட ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய கையேட்டை எடுத்து, அதிலுள்ள எல்.எஸ். என்பதை இன்றைய லினக்ஸ் கணிப்பொறியில் தட்டினால் அது வேலை செய்யும். கணிப்பொறி உலகில் இவ்வளவு நீண்ட ஆயுள் பிற பொருள்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

சுருக்கம் சில இடங்களில் எல்லை கடந்தும் போயிற்று. புதுக் கோப்பை உண்டாக்கும் ஆணைக்குக் ‘கிரியேட்’ என்ற சொல்லின் இறுதி ‘இ’ எழுத்தை வெட்டிப் பெயரிட்டார்கள். யூனிக்ஸை மீண்டும் உருவாக்கினால் எதை மாற்றுவீர்கள் என்று தாம்சனைப் பிற்காலத்தில் கேட்டபோது, அந்த எழுத்தைத் திரும்பச் சேர்ப்பேன் என்றாராம். ஒரே ஓர் எழுத்து! எனினும் அதனை நம்பி எத்தனையோ நிரல்கள் எழுதப்பட்டுவிட்டதால் அது இன்றும் குறையெழுத்தோடேயே நிற்கிறது.

தாளில் அச்சானதை அழிக்க முடியாது என்பது இன்னொரு தொல்லை. தவறாகத் தட்டிவிட்டால் என்ன செய்வது? தொலைபேசியில் நாம் காணும் ஹேஷ் குறியைத் தட்டினால் முந்தைய எழுத்து நீங்கியதாகப் பொருள். மின்னஞ்சல் முகவரியில் வரும் அட் குறியைத் தட்டினால் வரி முழுவதும் தள்ளுபடி. தாளில் பிழையும் இருக்கும், திருத்தக் குறியும் இருக்கும். கணிப்பொறிக்கு மட்டும் திருத்திய வடிவம் தெரியும். இன்று அந்த வேலைகளைப் பின்னழிப்பு விசையும் கண்ட்ரோல்-யூவும் செய்கின்றன. கண்ட்ரோல்-டபிள்யூ ஒரு சொல்லை மட்டும் அழிக்கும். கடவுச்சொல்லைத் தட்டும்போது பிழை நேர்ந்துவிட்டால் ஒவ்வோர் எழுத்தாக அழித்துக்கொண்டிராமல், கண்ட்ரோல்-யூ அழுத்தி முதலிலிருந்து தொடங்குவது நல்லது.

கட்டளை இடுபவர் சுருக்கமாகப் பேசியது போலவே கணிப்பொறியும் சுருக்கமாகப் பேசக் கற்றது. ஒரு கோப்பைப் படியெடுக்கச் சொன்னால் படியெடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். ‘முடித்துவிட்டேன்’ என்று ஒரு வரி அச்சிட்டால் அதற்கும் சில விநாடி ஆகும் அல்லவா? பிழை நேர்ந்தால் மட்டும் வாய் திறக்கும். மௌனம் என்றால் வெற்றி. புதியவர்களுக்கு இது வியப்பாகவும், சில வேளை அச்சமாகவும் இருக்கிறது.

அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆர்.எம். என்ற இரண்டெழுத்தும் அதே மௌனத்தோடுதான் வேலை செய்கின்றன. குப்பைத் தொட்டி என்ற இடைநிலை அதற்குக் கிடையாது. ‘உறுதியாகவா?’ என்று இயல்பாகக் கேட்பதும் இல்லை. 1998-ஆம் ஆண்டில் பிக்சார் நிறுவனத்தார் ‘டாய் ஸ்டோரி 2’ என்ற கார்ட்டூன் திரைப்படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தனர். படத்தின் கோப்புகள் இருந்த இடத்தில் யாரோ ஒருவர் ஆர்.எம். கட்டளையை இட்டார். உள்ளே இருக்கும் கோப்புறைகளையும் சேர்த்து நீக்கு, ஒன்றும் கேட்காதே, எல்லாவற்றையும் நீக்கு என்று பொருள்படும் மூன்று குறிகளையும் அத்துடன் சேர்த்துவிட்டார். பணியாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, படத்தின் பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் கணிப்பொறியிலிருந்து மறைந்தன. இணைப்பைப் பிடுங்கி நிறுத்துவதற்குள் படத்தின் பெரும்பகுதி போய்விட்டது. காப்புப் படி இருக்கிறதே என்று தேடினார்கள். காப்புப் படி எடுக்கும் ஏற்பாடு சில காலமாகவே சரியாக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

கேலின் சஸ்மன் என்ற பெண்மணி அந்தப் படத்தின் தொழில்நுட்பப் பணிகளை நடத்தியவர்களுள் ஒருவர். குழந்தை பிறந்திருந்ததால் அவர் வீட்டிலிருந்தே வேலை செய்துவந்தார். அதற்காகப் படத்தின் ஒரு படி அவர் வீட்டுக் கணிப்பொறியில் இருந்தது. அந்தக் கணிப்பொறியைப் போர்வையில் சுற்றி, காரின் பின்னிருக்கையில் இருக்கைப் பட்டையால் கட்டி, மெதுவாக ஓட்டிக்கொண்டுபோய் அலுவலகத்தில் சேர்த்தார்கள். படம் பிழைத்தது. எல்லோருக்கும் அப்படி ஒரு வீட்டுக் கணிப்பொறி வாய்க்காது. ஆகவே, நீக்கும் முன் அதே கோப்புப் பெயர்களை ஆர்.எம்.மிடம் கொடுக்காமல் எல்.எஸ்.இடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். எவை போகப்போகின்றன என்று அது பட்டியலிட்டுக் காட்டிவிடும். ஒரு சிறு கோடும் ஐ எழுத்தும் சேர்த்து ஆர்.எம்.மை அழைத்தால் ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொண்டு நீக்கும். அனுபவசாலிகளுக்கு இது சலிப்பாக இருக்கலாம். நாம் அதை விடமாட்டோம்.

மௌனத்தால் ஒரு பெரும் நன்மையும் விளைந்தது. அதை அறிய டக்ளஸ் மெக்கில்ராயைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாம்சனும் ரிச்சியும் பணிபுரிந்த பிரிவுக்குத் தலைவர் அவர். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் குழாய்த் துண்டுகளை ஒன்றோடொன்று திருகிச் சேர்ப்பது போல நிரல்களையும் சேர்க்க வழி வேண்டும் என்று 1964-ஆம் ஆண்டிலேயே ஒரு குறிப்பு எழுதிவைத்தார். யூனிக்ஸ் பிறந்த பின்னும் அதையே வலியுறுத்தி வந்தார். 1973-இல் ஒரு நாள் இரவு தாம்சன் அமர்ந்து அதைச் செய்து முடித்தார். மறுநாள் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் குழாய் பூட்டிய ஒற்றைவரிக் கட்டளைகளை எழுதிப் பார்த்து மகிழ்ந்தார்கள் என்று மெக்கில்ராய் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இப்போது அந்தக் குழாயைக் குறிப்பது நெட்டுக்கோடு. ‘ஹூ’ என்று தட்டி, ஒரு நெட்டுக்கோடு இட்டு, டபிள்யூ.சி. என்று தட்டினால் என்ன ஆகும்? முதற்கட்டளை, உள்ளே இருப்போரை ஆளுக்கு ஒரு வரியாகச் சொல்லும். அது திரைக்குப் போகாமல் குழாய் வழியே இரண்டாம் கட்டளைக்குப் போகும். அது வரிகளை எண்ணிச் சொல்லும். எத்தனை பேர் என்று சொல்லத் தனி நிரல் எழுத வேண்டிய தேவை இல்லாமற்போயிற்று. ‘ஹூ’ மட்டும் ‘இதோ உங்கள் பட்டியல், மொத்தம் இத்தனை பக்கம்’ என்று அலங்காரமாகப் பேசுகிற கட்டளையாக இருந்திருந்தால், அந்த அலங்கார வரிகளும் கணக்கில் சேர்ந்திருக்கும்.

தேடுவதற்குப் பயன்படும் ‘கிரெப்’ என்ற கட்டளையும் ஏறத்தாழ அக்காலத்தது. லீ மெக்மான் என்ற ஆய்வாளர், ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகளை யார் யார் எழுதினார்கள் என்று கண்டறிய முயன்றார். அமெரிக்க அரசமைப்பை ஆதரித்து 1787, 1788-ஆம் ஆண்டுகளில் புனைபெயரில் வெளிவந்த 85 கட்டுரைகள் அவை. குறிப்பிட்ட சொற்கள் வரும் வரிகளைத் தேட வேண்டும். ஆனால் அவ்வளவு பெரிய நூலைத் தாம்சனின் எழுத்துத் தொகுப்பி நினைவகத்தில் கொள்ளாது. தாம்சன், தொகுப்பியிலிருந்த தேடும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துத் தனி நிரலாக்கினார். தொகுப்பியில் ‘முழுவதும் தேடு, இந்தச் சொல்வடிவம் உள்ள வரியை அச்சிடு’ என்பதற்கு ஜி, ஆர், இ, பி என்ற எழுத்துகள் வரும். அவையே கட்டளையின் பெயராயின. இறுதியிலுள்ள பி ‘அச்சிடு’ என்பதைக் குறிக்கும். அன்று அது உண்மையாகவே தாளில் அச்சிட்டது. இப்போது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ‘கிரெப்’ ஓர் ஆங்கிலச் சொல்லாகவே ஏறிவிட்டது.

மரே ஹில்லின் எல்லைக்குள் இருந்த இந்தப் பழக்கங்கள் உலகெங்கும் பரவியதற்கு ஒரு சட்டமும் காரணம். 1956-இல் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஏ.டி. அண்டு டி. நிறுவனம் தொலைபேசித் தொழிலுக்குப் புறம்பான வணிகத்தில் இறங்க முடியாமல் இருந்தது. யூனிக்ஸை விற்றுப் பொருளீட்ட வழியில்லை. எனவே பல்கலைக்கழகங்களுக்குச் சிறு கட்டணத்தில், அதன் மூல நிரலோடு சேர்த்தே கொடுத்தது. 1974-இல் ரிச்சியும் தாம்சனும் எழுதிய ஆய்வுரை வெளியானதும் கேட்போர் பெருகினர். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் அவற்றுள் ஒன்று. 1975-இல் தாம்சனே ஓராண்டு அங்கே சென்று பாடம் நடத்தினார்.

பெர்க்லியில் பில் ஜாய் என்ற மாணவர் 1976-இல் ‘வி-ஐ’ என்ற தொகுப்பியை எழுதத் தொடங்கினார். தாளுக்கு மாற்றாகத் திரை வந்துவிட்டது. அவர் பயன்படுத்தியது ஏ.டி.எம்.-3ஏ என்ற முனையம். அதன் விசைப்பலகையில் தனி அம்பு விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு விசைகளின் மேலேயே இடம், கீழ், மேல், வலம் என்று அம்புகள் பொறித்திருந்தன. வி-ஐ தொகுப்பியில் அந்த நான்கு எழுத்துகளே இன்றும் திரையில் நகரப் பயன்படுகின்றன. ஏன் எச் இடப்பக்கம், ஏன் ஜே கீழ்ப்பக்கம்? நேயர்கள் சற்று முன் கேட்டதை நினைத்துப் பாருங்கள். கண்ட்ரோல்-எச் ஓரிடம் பின்செல்லும் ஆணை. கண்ட்ரோல்-ஜே அடுத்த வரிக்குச் செல்லும் ஆணை. தொலையச்சுப் பொறியின் கணக்கு இங்கும் தொடர்ந்தது. அதே முனையத்தில் ‘ஹோம்’ என்ற சொல்லும் அலைபோன்ற ஒரு குறியும் ஒரே விசையில் இருந்தன. பயனாளர் ஒவ்வொருவரின் சொந்தக் கோப்புறைக்கும் ‘ஹோம்’ என்று பெயர். அதைக் குறிக்க அலைக்குறியைத் தட்டும் வழக்கம் அங்கிருந்தே வந்தது.

வீட்டிலிருந்து தொலைபேசி வழியாக வேலை செய்தபோது ஜாய்க்குக் கிடைத்த வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 30 எழுத்து. அதிலும் சிக்கனம் தேவைப்பட்டது. அவர் எழுதிய ‘சி ஷெல்’ என்ற கட்டளை ஏவி, முன்பு இட்ட கட்டளைகளை நினைவில் வைத்துக்கொண்டது. இரண்டு வியப்புக்குறிகளை அடுத்தடுத்துத் தட்டினால் கடைசிக் கட்டளை மீண்டும் நிறைவேறும். கோப்பின் பெயரில் முதல் சில எழுத்துகளைத் தட்டி ஒரு விசையை அழுத்தினால் மீதியைக் கணிப்பொறியே நிரப்பும் வசதி, டெனெக்ஸ் என்ற வேறோர் இயக்க முறையிலிருந்து வந்தது. இன்று அந்த வேலையை டேப் விசை செய்கிறது. இன்றைய உரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள விரும்புவோர் இந்த டேப் விசையை வைத்துக்கொள்ளுங்கள். தட்டும் எழுத்து குறையும் என்பது ஒரு பயன். பெயர் நிரம்பாவிட்டால் அப்படி ஒரு கோப்பே அங்கு இல்லை என்று முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பது அதைவிடப் பெரிய பயன்.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தும் கண்ட்ரோல்-சி பெல் ஆய்வுக்கூடத்துச் சரக்கு அன்று. பி.டி.பி. கணிப்பொறிகளைச் செய்த டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் இயக்க முறைகளில் இருந்த வழக்கம் பெர்க்லி வழியாக யூனிக்ஸில் நுழைந்தது. அதற்குமுன் அழிப்பு விசையே நிறுத்தும் விசையாகவும் இருந்தது. கண்ட்ரோல்-இசட் அழுத்தினால் நிரல் சாகாமல் உறங்கும், எஃப்.ஜி. என்று தட்டினால் மீண்டும் எழும். கண்ட்ரோல்-சியையும் இசட்டையும் குழப்பிக்கொண்டு, உறங்கும் நிரல்களை வரிசையாகச் சேர்த்துவைத்திருப்போரும் உளர்.

1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன், யாவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள ஓர் இயக்க முறையை ஆக்கப்போவதாக அறிவித்தார். அம்முயற்சிக்காகப் பிரையன் ஃபாக்ஸ் என்பவர் எழுதிய ‘பேஷ்’ என்ற கட்டளை ஏவி 1989-இல் வெளிவந்தது. வரியில் நகர்வதற்கு அதில் ஈமேக்ஸ் என்ற தொகுப்பியின் விசைகளை வைத்தார்கள். கண்ட்ரோல்-ஏ வரியின் தொடக்கத்துக்கும், கண்ட்ரோல்-இ இறுதிக்கும் கொண்டுசெல்லும். கண்ட்ரோல்-கே, நிற்கும் இடத்திலிருந்து இறுதிவரை வெட்டும். வெட்டியதைக் கண்ட்ரோல்-ஒய் மீண்டும் ஒட்டும். 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிவரும் புது இயக்க முறையைப் பற்றி உலகுக்குத் தெரிவித்தபோது, அதில் ஏற்கெனவே பேஷ் ஓடிக்கொண்டிருந்தது. அதுவே லினக்ஸ் ஆயிற்று. புதிய வீட்டைக் கட்டியவர் முதலில் பழைய வாசற்படியைக் கொண்டுவந்து பொருத்தினார் என்றே சொல்லலாம்.

பேஷில் கண்ட்ரோல்-ஆர் மிகப் பயனுள்ளது. அதை அழுத்திச் சில எழுத்தைத் தட்டினால், முன்பு இட்ட கட்டளைகளுள் அவ்வெழுத்துகள் உள்ள ஒன்றைப் பின்னோக்கித் தேடித் தரும். மறுபடியும் ஆர் அழுத்தினால் அதற்கும் முந்தியது வரும். விரைவில் அழுத்திக்கொண்டே போய், வேண்டிய கட்டளையைக் கடந்து சென்றுவிட்டால் முன்னோக்கித் திரும்பவும் ஒரு விசையை வைத்திருக்கிறார்கள். அது கண்ட்ரோல்-எஸ். ஆனால் அதை அழுத்தினால் தேடல் திரும்புவதில்லை, திரை உறைந்துவிடுகிறது! விசை பேஷைச் சென்றடையும் முன்பே, காகித நாடாவை நிறுத்தும் பழைய ஆணை என்று கருதி இயக்க முறை இடையில் பிடித்துக்கொள்கிறது. நாடாவும் இல்லை, அதைப் படிக்கும் கருவியும் இல்லை. ஆணைக்கு மட்டும் அதிகாரம் குறையவில்லை.

இதற்கு மாற்று உண்டு. எஸ்.டி.டி.ஒய். என்று தட்டி, ஓர் இடம் விட்டு, சிறு கோட்டை அடுத்து ஐ, எக்ஸ், ஓ, என் என்ற நான்கு எழுத்துகளையும் தட்ட வேண்டும். எல்லாம் சின்ன எழுத்து. அதன்பின் அந்தச் சாளரத்தில் கண்ட்ரோல்-எஸ் உறையவைக்காது, தேடலுக்கு உதவும். அந்தக் கட்டளையில் எஸ் என்பது அமை என்று பொருள்படும் ‘செட்’. டி.டி.ஒய். என்பது டெலிடைப்.